கல்லாப்பெட்டியும் உலக விவகாரமும்



தஞ்சோங் மாலிமில் கடை நடத்தும் நமக்கு அரிசியின் கதை மறந்திராது. 2023 ஜூலை 20ஆந் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் தடை செய்தது. செப்டம்பர் 1ஆந் தேதி மலேசியாவில் இறக்குமதி வெள்ளரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. டில்லியில் போட்ட கையெழுத்து பெர்ணம் ஆற்றங்கரையிலுள்ள நம் கடைகளின் விலையை மாற்றி எழுதிவிட்டது.

இத்தகைய காரியங்களின் காரணத்தை ஆராய்வதற்கென்றே சர்வகலாசாலைகளில் ஒரு படிப்பு இருக்கிறது. சர்வதேச விவகாரக் கல்வி என்பது அதன் பெயர். நம் வீட்டுப் பிள்ளை அதைப் படிக்க விரும்பினால் நாம் என்ன சொல்கிறோம்? "அதைப் படித்துவிட்டு எந்தக் கடையில் போய் உட்காரப் போகிறாய்?" என்றுதானே?

நாமும் அப்படிச் சொன்னவர்தாம். சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் மகள் இந்தப் படிப்பைக் கேட்டபோது, கணக்கியலே மேல் என்று அவருக்கு யோசனை சொன்னோம். அவள் கணக்கியல் படித்தாள், வேலையும் கிடைத்தது. அதில் குறையில்லை. ஆனால் அரிசித் தடை வந்த நாளில் அந்த நண்பர் நம்மிடம் வந்து, "இது எத்தனை மாதம் நீடிக்கும்? சரக்கு வாங்கி வைக்கலாமா?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்து சொல்லக்கூடியவளாக வளர்ந்திருக்க வேண்டிய பெண்ணைத் தடுத்தவர் நாமல்லவா என்ற எண்ணம் அன்று முதல் நம்மை உறுத்துகிறது. இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

இப்படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள்? முதலாவது, தேசங்களின் சரித்திரம்; எந்தச் சண்டை எதனால் வந்தது, எந்த உடன்படிக்கை எதனால் முறிந்தது என்பது. இரண்டாவது, தேசங்களுக்கிடையிலான சட்டம்; தூதர்களின் உரிமைகளை வகுத்த 1961ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தம் போன்றவை. மூன்றாவது, வர்த்தகம், சுங்கவரி, நாணயம். நான்காவது, ஐக்கிய நாடுகள் சபை, ஆசியான் போன்ற அமைப்புகள் நடக்கும் விதம். மூன்றாவது பாடத்தில் பாதியை நாம் கடையிலேயே அனுபவத்தில் படித்திருக்கிறோம். அனுபவம் நடந்ததைச் சொல்லும். ஏன் நடந்தது, இனி என்ன நடக்கலாம் என்று யோசிக்கக் கல்வி பழக்கும்.

இதை எங்கே படிப்பது? 1949இல் மலாயா சர்வகலாசாலை சிங்கப்பூரில் தொடங்கியபோது நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. 1959இல் கோலாலம்பூரில் அதன் பிரிவு ஏற்பட்டது; 1962இல் அது தனிச் சர்வகலாசாலையாயிற்று. அங்கே இதற்கென ஒரு துறை உண்டு. கோலாலம்பூரில் பல நாட்டுத் தூதரகங்கள் இருக்கின்றன. வங்கிகளும் வர்த்தக ஸ்தாபனங்களும் இருக்கின்றன. பாடத்தில் படித்ததைத் தெருவில் பார்க்கலாம். அதனால்தான் உலகத்தோடு தொடர்புள்ள நகரத்தில் இதைப் படிப்பது விசேஷம். நம் ஊரும் கல்விக்கு அந்நியமல்ல. 1922இல் இங்கே எழுந்த சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் சர்வகலாசாலையாக உயர்ந்ததை நாம் அறிவோம்.

தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா என்று ஐயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 1915இல் பிறந்த சி. ராஜரத்தினம் என்ற தமிழர் கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்து, சிரம்பானில் வளர்ந்தவர். தந்தையார் ரப்பர் தோட்டங்களில் மேற்பார்வையாளர். சட்டம் படிக்க லண்டன் சென்ற மகன், யுத்தம் குறுக்கிட்டதால் பட்டம் பெறாமல் பத்திரிகை எழுத்தாளரானார். உலகத்தை அவருக்குக் கற்பித்தது அந்த மாநகரமே. 1965 முதல் 1980 வரை அவரே சிங்கப்பூரின் வெளிநாட்டு மந்திரி. 1967 ஆகஸ்ட் 8ஆந் தேதி பாங்காக்கில் ஆசியானைத் தோற்றுவித்த ஐவரில் நம் நாட்டு துன் அப்துல் ரசாக்குடன் அவரும் ஒருவர். சிங்கப்பூர் உலக நகரமாக வேண்டும் என்று 1972இல் பேசியவரும் அவரே. 2007 முதல் நன்யாங் சர்வகலாசாலையின் சர்வதேசக் கல்விப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொரு பாடம் கசப்பானது. ரங்கூனில் நம்மவர்களுக்கு எத்தனை கடைகள் இருந்தன! 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின. அதே வருஷம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவையாயின. தலைமுறைகளாய்ச் சேர்த்ததை விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறியவர்கள் அநேகர். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் மறுபடி பிழைக்க எழுப்பியது. படித்தவர் ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆட்சி மாறியதற்கும் கடை போனதற்கும் நடுவே இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தின் அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். பிள்ளை மலாயும் ஆங்கிலமும் பிழையறக் கற்கட்டும். அரபியோ சீனமோ ஒன்று கூடுதலாக இருக்கட்டும். வீட்டில் தமிழ் விடாதிருக்கட்டும். தினமும் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தைப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லி, நம் கடைச் சரக்கோடு அதைப் பொருத்திக் கேளுங்கள். வேலை என்னவென்ற கேள்விக்கும் பதில் உண்டு: அரசாங்கத்தின் நிர்வாக, ராஜதந்திர சேவை, வங்கி, கப்பல் கம்பெனி, பத்திரிகை, ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம். கடைசியில் சொன்னது நம் தொழிலே அல்லவா?

கடல் கடந்து வியாபாரம் செய்த சமூகம் நாம். கடலுக்கு அப்பால் நடப்பதைப் படிக்க ஆசைப்படும் பிள்ளையை நம் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட வேண்டாம். நாம் செய்த தவறு நம்மோடு போகட்டும்.