ஆள் சேர்ப்பதும் ஆள் ஆக்குவதும்



கடை என்றால் முன்பெல்லாம் நாம் அறிந்தது நான்கு சுவர், ஒரு கல்லா, அடுக்கு நிறையச் சரக்கு. இன்றோ நம் வாலிபர்கள் அடுக்கும் சரக்கும் இல்லாமலே தொழில் நடத்துகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை, கிள்ளானில் கடைவீட்டின் மேல்தளம், இரண்டு கணினி, மூன்று நாற்காலி, இவ்வளவுதான் கம்பெனி. துணிக்கடை, உணவகம், நகைக்கடை, பயண ஏஜென்சி முதலியவற்றுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது இவர்களுடைய தொழில். நம் பிள்ளைகள் இத்துறையில் கால் வைத்திருப்பது நமக்கெல்லாம் பெருமையே.

ஆயினும் நான் கண்டவரையில், இத்தகைய சிறு கம்பெனிகள் வேலை கிடைக்காமல் தடுமாறுவதைவிட, வேலை கிடைத்த பின்னர் தடுமாறுவதே அதிகம். வேலை பெருகுகிறது; அவசரமாக ஆள் எடுக்கிறார்கள்; பிறகு குழப்பம் தொடங்குகிறது.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். என் கடைக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தவர்கள் இரண்டு வாலிபர்கள். நல்ல பிள்ளைகள், நாணயமானவர்கள். வேலை கூடியதும் மூன்றாவதாக ஒருவரை வைத்தார்கள். அவர் கெட்டிக்காரர், எல்லா வேலையும் அவர் கைக்கே போயிற்று. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், கூடுதல் சம்பளம் கிடைக்கிறதென்று அவர் வேறிடம் போய்விட்டார். கடவுச்சொல் அவரிடம் இருந்தது. எந்தப் பகுதி எப்படி ஓடுகிறது என்பதும் அவர் மனத்தில்தான் இருந்தது. தளத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டபோது மற்ற இருவருக்கும் திருத்த வழி தெரியவில்லை. அந்தப் பெருநாளுக்கு இணையத்தின் வழியாக எனக்கு ஒரு கட்டளையும் வரவில்லை. எனக்குப் போனது ஒரு பருவத்து வியாபாரம். அவர்களுக்குப் போனது பல வாடிக்கையாளர்களின் நம்பிக்கை. அவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. ஆளை எப்படிச் சேர்ப்பது, எப்படி வளர்ப்பது என்று அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நாமாவது அதைச் சிந்திப்போம்.

எப்பொழுது ஆள் எடுப்பது?

பெரிய வேலையொன்று வந்ததும் ஆள் எடுப்பதே வழக்கமாக இருக்கிறது. இது தவறு. இணையத்தளத் தொழிலில் பணம் தவணையாக வருகிறது: முன்பணம் ஒரு பங்கு, பாதியில் ஒரு பங்கு, முடிந்த பின் மீதி. அந்த மீதியும் சொன்ன தேதியில் வருவதில்லை என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததன்று. சம்பளமோ மாதந்தோறும் கொடுத்தாக வேண்டியது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை என்று ஊழியரிடம் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே பெரிய வேலையை நம்பி ஆள் எடுக்காதீர்கள். நிலையான வரவை நம்பி எடுங்கள். அமைத்துக் கொடுத்த தளங்களை மாதக் கட்டணத்துக்குப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டால், சிறுகச் சிறுக ஒரு நிலையான வரவு சேரும். அவ்வரவு ஒருவருடைய சம்பளத்தைத் தாங்கும்போது ஒருவரை எடுக்கலாம். அதுவரையில், வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி வெளியார் உதவியைப் பெறலாம்.

சம்பளத்தைக் கணக்கிடும்போதும் முழுக்கணக்குப் போட வேண்டும். உள்நாட்டு ஊழியர் ஒருவருக்கு 3,000 வெள்ளி என்று பேசினால், முதலாளி சேமநிதிக்கு நூற்றுக்கு 13 வீதம் 390 வெள்ளி கட்ட வேண்டும். சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்பட்டால் நூற்றுக்கு 12. அன்றியும் சொக்சோ, வேலைக் காப்புறுதி, கணினி, மேசை, மின்சாரம் எல்லாம் உண்டு. இவற்றை எண்ணாமல் ஆள் வைப்பவன், சுங்கமும் வண்டிக்கூலியும் சேர்க்காமல் சரக்குக்கு விலை போட்டவனைப் போன்றவன்.

எத்தனை பேரை எடுப்பது?

மூட்டை இறக்குவதற்கு இருவர் இருந்த இடத்தில் நால்வர் வந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். கணினி நிரல் எழுதும் வேலை அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் மிகப் பெரிய நிரல் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் என்பவர், தம் அனுபவத்தை 1975-இல் நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு. ஏன்? புதியவருக்கு வேலையை விளக்க, பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். ஆட்கள் கூடக் கூட, ஒருவருக்கொருவர் பேசித் தெளிய வேண்டிய வழிகளும் கூடுகின்றன. மூவர் இருந்தால் பேச்சுவழி 3. ஐவர் இருந்தால் 10. பத்துப் பேர் இருந்தால் 45! ஆள் மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஆகும்போது பேச்சு பதினைந்து மடங்கு ஆகிவிடுகிறது.

ஆகையால் ஒரே மாதத்தில் நால்வரை எடுக்காமல், ஒருவரை எடுத்து, அவர் காலூன்றிய பிறகு அடுத்தவரை எடுப்பதே உத்தமம். முதல் ஆள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். முதலாளியின் நேரத்தை எந்த வேலை அதிகமாகத் தின்கிறதோ, அந்த வேலைக்கே முதல் ஆள். வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதிலேயே பொழுது போகிறதென்றால், இன்னொரு நிரல் எழுதுபவரை வைத்து என்ன பயன்? பொறுமையாகக் கேட்டு, வாடிக்கையாளருக்கு வேண்டியதைத் தெளிவாக எழுதி வைக்கத் தெரிந்தவரே அப்பொழுது தேவை.

யாரை எடுப்பது?

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் கூலிக்கு அமர்ந்த வரலாறு நம் பிள்ளைகள் மதரஸாவில் படித்ததுதான். கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களில் ஒருவர், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தம் தந்தையிடம் சொன்னபோது காட்டிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பிக்கைக்குரிய தன்மை. வம்சத்தையோ பட்டத்தையோ சொல்லவில்லை. முதலில் வேலை கண்ணால் காணப்பட்டது. பிறகே ஆள் அமர்த்தப்பட்டார். எட்டு ஆண்டு என்று தவணையும் முதலிலேயே பேசப்பட்டது. பத்தாக நிறைவு செய்வது அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்றைய கம்பெனிக்கும் இதைவிடத் தெளிவான முறை வேண்டியதில்லை.

ஆகவே வருபவரிடம் சான்றிதழை மட்டும் பார்க்க வேண்டாம். அவர் செய்து முடித்த தளம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எந்தப் பகுதி அவர் கையால் ஆனது, எந்தக் கோளாறு அவரை அதிகமாக வாட்டியது, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். செய்தவர் விவரமாகச் சொல்வார். செய்யாதவர் பொதுவாகப் பேசுவார். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே நிரல் எழுதித் தருகிறது. அதை வாங்கி ஒட்டுவது எவராலும் ஆகும்; அதிலுள்ள பிழையைக் காணத் தெரிந்தவரே நமக்கு வேண்டியவர். பிறகு இரண்டு மூன்று நாளில் முடியக்கூடிய சிறு வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள். சோதனை என்று சொல்லி ஒருவர் உழைப்பை இலவசமாகப் பெறுவது நமக்கு அழகன்று.

உறவுக்காரப் பையன் என்பது ஒரு தகுதியும் அன்று, ஒரு தடையும் அன்று. மற்றவருக்கு வைத்த சோதனையை அவனுக்கும் வையுங்கள். அவ்வாறே நம் பெண் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. இவ்வேலையில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்யலாம். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்டால், 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தரவேண்டும் என்று 2023 ஜனவரி முதல் சட்டமும் இருக்கிறது. பிரசவ விடுமுறையும் அன்று முதல் 98 நாள்.

தென்காசி தரும் பாடம்

நல்ல ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பெரிய கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகின்றன என்று நம் வாலிபர்கள் சொல்கிறார்கள். இது உண்மையே. சைபர்ஜெயாவிலும் பங்சாரிலும் கொடுக்கும் சம்பளத்தை மூன்று நாற்காலிக் கம்பெனி கொடுக்க முடியாது. அப்படியானால் வழி என்ன? ஆயத்தமான ஆளைத் தேடுவதை விட்டு, ஆளை ஆக்க வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம், நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று ஜோஹோ என்று உலகம் அறிந்திருப்பது அதுவே. 2001-ஐ ஒட்டி அமெரிக்கக் கணினித் தொழிலில் பெரும் சரிவு வந்தபோது, அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் போய்விட்டனர். அவர்கள் சோர்ந்துவிடாமல் தங்கள் ஆட்களைப் புதிய சரக்குகளை உருவாக்குவதில் ஈடுபடுத்தினார்கள். வெளியார் முதலீட்டை நாடாமல், ஈட்டியதைக் கொண்டே வளர்ந்தார்கள்.

2005-இல் அந்நிறுவனம் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கிற்று. முதலில் சேர்ந்த மாணவர்கள் ஆறு பேரே. பட்டம் பெறாத, பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். கட்டணம் இல்லை; படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கணக்கு, ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்பித்து, பிறகு வேலையிலும் அமர்த்தினார்கள். பின்னர் தென்காசியில் அலுவலகம் திறந்து, அருகிலுள்ள மத்தளம்பாறைக் கிராமத்துக்கும் வேலையைக் கொண்டு வந்தார்கள். முன்பு பிழைப்பைத் தேடிப் பிள்ளைகள் கப்பலேறிய மண்ணில் இன்று உலகத்துக்கான நிரல் எழுதப்படுகிறது!

அவர்கள் பெரிய கம்பெனி, நமக்கு முடியுமா என்று கேட்கலாம். அவர்கள் ஆறு பேருடன் தொடங்கினார்கள்; நாம் ஒருவருடன் தொடங்கலாம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு நிற்கும் பிள்ளை, பாலிடெக்னிக்கிலிருந்து தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளை, இவர்களில் ஆர்வமுள்ள ஒருவரை எடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்பிக்க ஒதுக்குங்கள். முதலில் வாடிக்கையாளர் தளத்தில் எழுத்துப்பிழை திருத்தட்டும். பிறகு ஒரு பக்கம் அமைக்கட்டும். பிறகு ஒரு முழுத்தளம். கடைப்பையன் முதலில் கூட்டிப் பெருக்கி, பிறகு நிறுத்துக் கொடுத்து, பிறகு கல்லாவில் அமர்ந்தது நாம் அறிந்த முறைதானே! ஆனால் ஒன்று: கற்பிப்பதாகச் சொல்லி வெறும் எடுபிடி வேலை வாங்குவது அநியாயம். உள்நாட்டு ஊழியர் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஆகும்போது மனிதவள நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று கட்ட வேண்டிவரும். அதைத் தண்டம் என்று கருதாமல், பயிற்சிக்கென்று கேட்டுப் பெறுங்கள்.

எழுத்தில் இருக்கட்டும்

நமக்குள் என்ன எழுத்து என்ற பேச்சே பல பகைகளுக்கு வித்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். வேலை என்ன, சம்பளம் என்ன, விலகுவதானால் எத்தனை வாரம் முன்னறிவிப்பு, செய்த நிரல் யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேற்படலாகாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பி வேலை வாங்கும் முதலாளியிடம் கெட்டிக்காரர் எவரும் நிலைக்கமாட்டார்.

ஒருவர் தலையில் கம்பெனி இருக்கலாகாது

என் கடைக்கு நேர்ந்த கதையின் பாடம் இதுவே. கடவுச்சொற்கள் ஊழியர் பெயரில் இராமல் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதைக் காட்டும் பேரேடு ஒன்று நிரலுக்கும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ என்பது அவ்வகைப் பேரேடே. செலவில்லாமல் கிடைப்பது அது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே தளத்தில் ஏற்ற வேண்டும். இது சந்தேகத்தினால் அன்று. கல்லாக் கணக்கை இருவர் சரிபார்த்தால் இருவருக்கும் நிம்மதி, இங்கும் அப்படியே. படித்துப் பார்ப்பவர் கற்றுக்கொள்வதும் ஒரு லாபம்.

இவ்வளவு செய்தும் சிலர் விலகிப் போவார்கள். வருந்த வேண்டாம். நம் பழைய கடைகளில் தொழில் கற்றுத் தனிக்கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பகைத்த முதலாளியும் உண்டு; முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்து வாழ்த்திய முதலாளியும் உண்டு. யார் பெயர் இன்றும் நன்றியோடு பேசப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். நீண்ட நாள் உழைத்துக் கம்பெனியைத் தாங்குபவருக்கு இலாபத்தில் ஒரு பங்கு கொடுங்கள். அவர் விலகுவதற்கு முன் இருமுறை யோசிப்பார்.

வாலிபத் தம்பிமார்களே! ஒருவரை வேலைக்கு அமர்த்துவது என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பை நம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. எத்தனை பேரை வைத்திருக்கிறோம் என்பதை வளர்ச்சியாக எண்ணாதீர்கள். நம்மிடம் வந்தவரில் எத்தனை பேர் தொழில் தெரிந்தவராக ஆனார்கள், எத்தனை பேருக்குச் சொன்ன நாளில் சம்பளம் போயிற்று என்பதே வளர்ச்சியின் கணக்கு. அக்கணக்கை நேராக வைத்திருப்போமாக!