மெல்லிய மடிக்கணினியின் சேமிப்பகத்தை நீங்களே மாற்றலாமா?



சென்ற மாதம் படிவம் 4 மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தாள். "டீச்சர், இடமில்லை இடமில்லைன்னே வருது. புதுசு வாங்கித் தரச் சொல்லி அப்பாவைக் கேட்க மனசு வரலை" என்றாள். 128 ஜிபி மட்டுமே உள்ள மெல்லிய கணினி. விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கே குறைந்தது 64 ஜிபி சேமிப்பகம் வேண்டும். அதன்மேல் பாடக் கோப்புகளும் காணொளிகளும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? கணினி கெட்டுப்போகவில்லை, அதன் பெட்டி சிறியது, அவ்வளவுதான். பல கணினிகளில் அந்தப் பெட்டியை மட்டும் மாற்றலாம்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். பழைய கணினிகளில் வன்தட்டு இருக்கும். அது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 60 ÷ 5,400, அதாவது சுமார் 11 மில்லி வினாடி. வேண்டிய தரவு படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஏறக்குறைய 5.5 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. காப்புப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வராது. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இது.

இந்த மாற்றம் நம் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் வன்தட்டுத் தொழிற்சாலை நடத்திவந்தது. வன்தட்டுக்கான தேவை குறைந்துவருவதால் 2019 இறுதிக்குள் அதை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்கியது.

மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எம்.2 எனும் வகை. மெல்லும் பசைத் துண்டைப் போல நீளமாக இருக்கும். அதன்மேல் 2280 என்றிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். 2242, 2230 எனக் குட்டையானவையும் உண்டு. ஏமாறும் இடம் இதுதான்: வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு மொழிகள் இருக்கின்றன. சாட்டா வினாடிக்குச் சுமார் 550 எம்பிதான் படிக்கும். என்விஎம்இ ஆயிரக்கணக்கில் போகும். உங்கள் கணினிக்கு ஒன்றுதான் புரியும் என்றால் மற்றது வெறும் அட்டை. கணினியின் அடியில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது என்று அதில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை மாற்ற முடியாது.

மாற்றலாம் என்றால் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கமுள்ள மோனோரயிலில் இம்பி வரை போனால் லோ யாட் பிளாசா நடக்கும் தூரம். கடைக்காரரிடம் "பெரியதாக ஒன்று" என்று கேட்காதீர்கள். அளவையும் வகையையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் என் 500 ஜிபி வன்தட்டை 240 ஜிபி எஸ்எஸ்டிக்குப் படியெடுக்க, இரண்டையும் அண்ணனின் கணினியில் இணைத்தேன். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றித் தேர்ந்துவிட்டேன். காலியான எஸ்எஸ்டி என் வன்தட்டின்மேல் அழகாகப் படிந்தது. பயிற்சிக் காலப் பாடக் குறிப்புகள் போனதைப் பிறகு எழுதிக்கொண்டேன். பாட்டி பேசிய ஒரே ஒலிப்பதிவும் அதில்தான் இருந்தது. ஆகவே திருப்புளியைத் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில், விரலியிலாவது, வைத்துவிடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். படியெடுக்கும்போது இரு வட்டுகளின் கொள்ளளவையும் பார்த்து, எது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் இன்றும் சொல்கிறேன்.

பிறகு கணினியை முழுதாக அணைத்து மின்கம்பியைக் கழற்றுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் உள்ளே எதையாவது குத்திவிடும். மூடியைத் திறக்கக் கத்தி வேண்டாம், பயன்படாத பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

உள்ளே முதல் வேலை மின்கல இணைப்பைப் பிரிப்பது. கூடவே நிலைமின்னையும் கவனியுங்கள். விரலில் 'சுரீர்' என்று நாம் உணர்வதற்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில்லுகளோ அதைவிடக் குறைந்த அளவிலேயே பழுதாகலாம். நம் ஊர் ஈரக் காற்று ஓரளவு காக்கும், குளிர்சாதன அறை காக்காது. கம்பளத்தில் உட்காராமல், நிலத்தோடு தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய எஸ்எஸ்டியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்னத் திருகாணி. அதைக் கழற்றினால் எஸ்எஸ்டி தானாக மேலெழும்பி நிற்கும். புதியதைச் சுமார் 30 பாகை சாய்வில் செருகி, மெதுவாகப் படுக்கவைத்து முடுக்குங்கள். வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள். வாங்கியது தவறான வகையாக இருக்கலாம்.

அந்த மாணவி தன் அண்ணனோடு சேர்ந்து 512 ஜிபி போட்டுவிட்டாள். மறுநாளே வந்து, "டீச்சர், 476 தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்றாள். இல்லை. தயாரிப்பாளருக்கு 1 ஜிபி என்பது 1,000,000,000 பைட். விண்டோஸ் எண்ணுவதோ 2-இன் 30-ஆம் அடுக்கில், அதாவது 1,073,741,824. 512,000,000,000-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். அப்படியே 1,000 ஜிபி வட்டில் எவ்வளவு காட்டும் என்றும் கணக்கிடுங்கள்.