மிதிவண்டியும் வருமான வரியும்

கேள்வி: கொல்கத்தாவில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோருக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: இந்திய வருமான வரிச் சட்டத்தில் மிதிவண்டிக்கெனத் தனிச் சலுகை இல்லை, போக்குவரத்துப் படிக்குப் பொதுவாக இருந்த விலக்கும், 2018ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையின்படி, செலவுக் கணக்குக் காட்டாமலே சம்பளத்தில் கழிக்கப்படும் தொகையான நிலையான கழிவுக்குள் அடங்கிவிட்டதால், காரில் செல்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் கழிவு ஒன்றே. பிரிட்டனிலோ, 1999 முதல், பணிக்குச் செல்ல நிறுவனம் ஊழியருக்கு இரவலாகத் தரும் மிதிவண்டியின் பயன் வரிக்குரிய வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயினும், 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்த கொல்கத்தாவில், அத்தடையால் பெரிதும் அல்லலுற்ற பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் பெரும்பாலும் வருமான வரி வரம்புக்குள் வராதவர்கள் என்பதால், சலுகைக்கும் முன்பாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது, அபராத அச்சமின்றிச் செல்வதற்கான தனித்தடமே ஆகும்.