தரவரிசையும் ஆள்சேர்ப்பும்: இயங்கலை விளையாட்டுக் குழுக்கள் ஒரு பார்வை

தஞ்சோங் மாலிமின் மாணவர் விடுதிகளில் இரவு நேரத்தில் நால்வர் ஐவர் கைப்பேசியும் கையுமாகக் கூடியிருந்தால், அங்கே ஏதோ ஒரு குழு விளையாட்டு நடந்துகொண்டிருக்கும். வெறும் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு குழு எப்படி வளர்கிறது, எப்படிக் கரைகிறது என்பதற்கு வருங்கால ஆசிரியர்களாகிய நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கில்டு என்பது யாது?

இடைக்கால ஐரோப்பாவில் ஒரே தொழில் செய்வோர் அமைத்துக்கொண்ட சங்கமே கில்டு. 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருஸ் பகுதியில் தமிழ்க் கல்வெட்டு பொறித்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவை அதற்கு ஒப்பிடலாம். விளையாட்டுலகில், ஒன்றாக ஆடுவோர் ஒரு பெயரின்கீழ் நடத்தும் நிலையான குழுவுக்கு இப்பெயர் வழங்குகிறது.

2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் தொடக்ககாலப் பெரும்போர்களுக்கு 40 பேர் தேவைப்பட்டனர். 2007இல் அது 25 ஆனது. 2014இல் மிகக் கடினமான நிலைக்குச் சரியாக 20 பேர் என்று வரையறுக்கப்பட்டது. தேர்வு, வேலை, சலிப்பு என ஒருவர் விலகினாலும் அன்றைய ஆட்டம் தடைப்படும். ஆகவே, கில்டுகளுக்கு ஆள்சேர்ப்பு ஓயாத வேலை.

எண் பேசும் இடம்

எந்தக் கில்டு எத்தனை எதிரிகளை முதலில் வீழ்த்தியது என்பதை 'வாவ்புரோகிரஸ்', 'ரெய்டர் ஐஓ' போன்ற தளங்கள் வரிசைப்படுத்துகின்றன. முன்பின் அறியாத ஒருவர் ஒரு கில்டின் பழக்கவழக்கத்தை எப்படி அறிவார்? எண்ணைத்தான் பார்ப்பார். கில்டும் அப்படித்தான், விண்ணப்பதாரரின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்தே முடிவெடுக்கும்.

இதனால் முன்னணிக் கில்டு பலரிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தவர் சேர்வதால் அதன் இடம் மேலும் உயர்கிறது. புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் இப்போக்கை, அறிவியல் உலகை ஆராய்ந்த ராபர்ட் மெர்டன் 1968இல் 'மத்தேயு விளைவு' என்றார்.

இடைநிலைக் கில்டின் நிலையோ வேறு. புதியவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்து ஆளாக்கினால், அவர் தேறியதும் மேல்வரிசைக் கில்டுக்குப் போய்விடுகிறார். நாற்றங்காலில் வளர்ந்த பயிர் வேறொருவர் வயலில் விளைவது போன்றது இது. விளைச்சலைக் கணக்கெடுக்கும் தரவரிசையில் நாற்றங்காலுக்கு இடமில்லை.

நான்காண்டுப் பாடம்

2010 டிசம்பரில் இவ்விளையாட்டை உருவாக்கிய பிலிஸார்ட் நிறுவனம் கில்டுகளுக்கு 25 படிநிலைகளை அறிமுகப்படுத்தியது. படி உயர உயர, அனுபவப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பது போன்ற சலுகைகள் உறுப்பினருக்குக் கிட்டின. விளைவு என்ன? நண்பர்கள் சிலர் புதிதாகத் தொடங்கிய கில்டில் சேர எவரும் முன்வரவில்லை. சலுகை நிறைந்த பெரிய கில்டுகளோ முகமறியாதோரையும் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக்கொண்டன. 2014இல் அந்நிறுவனமே படிநிலைகளை நீக்கிவிட்டது.

சிறிய கில்டுகள் பிழைத்திருக்க வழி இல்லாமலில்லை. ஆடும் நேரம், பேசும் மொழி, தவறு செய்தவரை நடத்தும் முறை ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்லி ஆள்தேடும் கில்டு, எண்ணுக்காக வருபவரை இழந்தாலும் நிலைத்திருப்பவரைப் பெறுகிறது.

நமக்கு என்ன?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை நம் தமிழ்ப்பள்ளிகளை 'ஏ'க்களின் எண்ணிக்கையால் ஒப்பிட்டோம். பெயர்பெற்ற பள்ளிக்குப் பிள்ளைகள் சென்றனர்; தோட்டத்துச் சிறிய பள்ளி தன் மாணவரை இழந்தது. அங்கே எழுத்தறியாமல் வந்த பிள்ளையை வாசிக்க வைத்த ஆசிரியரின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

நாளை நம்மில் பலர் அத்தகைய பள்ளிக்குத்தான் பணிக்குச் செல்வோம். தரவரிசை கூறுவது பொய்யன்று; ஆனால் அது பாதி உண்மையே. மீதிப் பாதியைப் பெற்றோரிடம் எடுத்துச்சொல்வது நம் கடமை.