நாலே அணி ஆடிய உலகக் கோப்பை
(பாளையங்கோட்டை ஹேண்ட்பால் வீரனுக்கு ஒரு கடிதம்)



கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் கூட்டம் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு ஹேண்ட்பாலைப் பிடித்திருக்கிறாய். அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் பந்தும் பையுமாகப் போகும்போது, "அது என்ன விளையாட்டுப்பா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்திருப்பாய். பேசாமல் வாலிபாலுக்குப் போ என்று வீட்டிலும் சொல்லத்தான் செய்வார்கள். போகிறதென்றால் போ. அதற்கு முன்னால் இந்த ஆட்டத்தின் முதல் உள்ளரங்க உலகக் கோப்பை நடந்த லட்சணத்தைத் தெரிந்துகொள்.

1938 பிப்ரவரி 5, 6 தேதிகள். பெர்லினில் டாய்ச்லாண்ட்ஹாலே என்ற அரங்கம். வந்தவை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் என நாலே அணிகள். பாதிக்குப் பத்து நிமிடம் வீதம் ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம். எல்லாரும் எல்லாரோடும் மோதியும் மொத்தம் ஆறு ஆட்டம்தான். நம்மூர்ப் பொங்கல் போட்டிக்கே இதைவிட அதிக அணிகள் பெயர் கொடுக்கும். ஜெர்மனி முதலிடம், ஆஸ்திரியா இரண்டாமிடம். அடுத்த மாதமே ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த நாடே வரைபடத்தில் இல்லாமல் போயிற்று.

அன்றைக்குப் பெரிய ஆட்டம் என்றால் புல்தரையில் அணிக்குப் பதினொரு பேர் ஆடியதுதான். 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஜெர்மனி ஆஸ்திரியாவை 10-6 என்று வென்றதை மழையில் நனைந்தபடி சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். (தியான் சந்தின் இந்திய அணி ஹாக்கியில் ஜெர்மனியை 8-1 என்று புரட்டி எடுத்தது அதற்கு மறுநாள்.) 1938 கோடையில் அந்தப் பதினொருவர் ஆட்டத்துக்கும் தனி உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் ஜெர்மனி 23, சுவிட்சர்லாந்து பூஜ்யம்! அவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருந்த ஆட்டத்தின் கடைசி உலகக் கோப்பை 1966-இல் நடந்தது. அதோடு சரி. குளிர்காலத்தில் வெளியே ஆட வழியில்லாமல் வட ஐரோப்பியர்கள் கூரைக்கு அடியில் கொண்டுபோன எழுவர் ஆட்டம்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏறியது. இன்று நீ ஆடுவதும் அதுவே.

1938 உள்ளரங்கக் கோப்பையில் கடைசி இடம் டென்மார்க்குக்கு. அதன் ஆண்கள் அணி உலகக் கோப்பையை முதன்முதலில் தூக்க 2019 வரை ஆனது. பிறகு 2021, 2023, 2025 என்று வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கு சுமார்தான். இந்திய ஹேண்ட்பால் சம்மேளனம் 1972-இல் உருவானது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. 2023-இல் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் வந்தபோது ஆறு அணிகளும் ஜெய்ப்பூரிலேயே ஆடி முடித்தன. அதில் தமிழ்நாட்டு அணி இல்லை. இதற்கெல்லாம் நீ வருந்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கோலைச் சுற்றி வளைந்திருக்கும் ஆறு மீட்டர் கோட்டைப் பழகு.

பழகு என்றால் பிவட் ஆடுகிறவனைக் கவனி. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே கோட்டை ஒட்டி நிற்பான். பந்து கைக்கு வந்ததும் திரும்பி வட்டத்துக்குள் பாய்வான். கால் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால் கோல்; தொட்டபின் எறிந்தால் செல்லாது. அந்த நொடிக்கு உடம்பு பயமில்லாமல் விழப் பழகியிருக்க வேண்டும். ஐரோப்பியப் பையன்களுக்கு மரத்தளம். உனக்குப் பெரும்பாலும் மண்ணும் சிமெண்டும். முட்டி தேய்ந்தால் ஆட்டம் முடிந்தது. தாமிரபரணியில் மணல் மிச்சமிருக்கிற இடம் பார்த்து (அதைத் தேடுவதே இப்போது தனி வேலை) அங்கே விழுந்து புரண்டு பழகு.

கபடி ஆடிய பையன்கள் உங்கள் அணியில் கட்டாயம் இருப்பார்கள். கபடி வீரர் மணத்தி கணேசனின் மண்ணில் வேறெப்படி இருக்கும்? கோட்டருகே கால் வைக்கிற நிதானமும், மோதலுக்கு அஞ்சாத நெஞ்சும் அவர்களுக்குக் கூடவே வரும். ஆனால் கை தானாகப் பிடிக்கப் போகும். இங்கே மார்பாலும் மடக்கிய கையாலும் மறிக்கலாம். சட்டையை இழுத்தாலோ இடுப்பைப் பிடித்தாலோ இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைக்கவும் செய்வார்கள். மூன்றாவது முறையும் அப்படி அனுப்பினால் அன்றைய ஆட்டமே போச்சு. ஆகவே முதல் மாதம் அவர்களைப் பந்தில்லாமல் பக்கவாட்டில் நகரும் கால்வேலை மட்டும் செய்யச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், செய்வார்கள்.

கடைசியாக ஒரு சோற்றுக் கணக்கு. ரயில்வேயும் ராணுவத்தின் சர்வீசஸும் ஹேண்ட்பால் அணி வைத்திருக்கின்றன; மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இந்த ஆட்டம் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தினக் குழுப் போட்டிகளிலிருந்து பல்கலைக்கழகப் போட்டி வரை ஆடிய ஒவ்வொன்றுக்கும் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கி வை. கேடயத்தைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று ரயிலேறுவதற்கு முன், நடத்துகிற சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேள்; கேட்ட பிறகு நுழைவுக் கட்டணம் கட்டு.