குறை ஃபாட்மேப் உணவில் சாக்லேட்: எதை எடுப்பது, எதை விடுவது

குறை ஃபாட்மேப் உணவுமுறையில் சாக்லேட்டை அடியோடு விட வேண்டியதில்லை. பெரும்பாலும் வயிற்றைப் படுத்துவது கோகோ அல்ல, அதோடு சேர்ந்து வருபவை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகும் கார்போஹைட்ரேட்டுகளே ஃபாட்மேப். ஐபிஎஸ் எனும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்காக இந்த முறையை வகுத்தது மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம். சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஃபாட்மேப்பில் சேராது.

மோனாஷ் அளவீட்டின்படி டார்க் சாக்லேட் ஒரு வேளைக்கு 30 கிராம் வரை தாங்கும். பால் சாக்லேட் 20 கிராம்தான். காரணம் பாலிலுள்ள லாக்டோஸ். 100 மில்லி பாலில் அது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். டபராவில் நுரை பொங்க வரும் ஃபில்டர் காபியோடு பால் சாக்லேட்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும். காபி குடித்த வேளையில் டார்க்கே நல்லது. அதிலும் சில பிராண்டுகளில் பால்பொடி கலந்திருக்கும், உறையைப் பார்க்க வேண்டும்.

அதிகம் ஏமாற வைப்பது சுகர்ஃப்ரீ சாக்லேட்தான். தி.நகர், அடையாறு சூப்பர் மார்க்கெட்டுகளில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தேடி வாங்கப்படும் இவற்றில் இனிப்புக்காக மால்டிடால், சார்பிடால் போன்ற பாலியால்களைச் சேர்ப்பது வழக்கம். ஃபாட்மேப் பெயரின் கடைசி எழுத்தே பாலியால்களைக் குறிப்பது. உறையில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கலாம்: ஐ.என்.எஸ். 420 சார்பிடால், 421 மானிடால், 965 மால்டிடால். நார்ச்சத்துக்காகச் சேர்க்கும் இன்யுலினும் ஆகாது. 322, 476 ஆகியவை குழம்பாக்கிகள். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சர்க்கரை நோயும் ஐபிஎஸ்ஸும் சேர்ந்து இருப்பவர்கள் 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க்கில் ஓரிரு துண்டோடு நிறுத்துவது மேல். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஊட்டியிலிருந்து வரும் ஹோம்மேட் சாக்லேட்டில் முந்திரி, உலர் திராட்சை உள்ளவற்றைத் தவிர்க்கலாம். முந்திரியும் பிஸ்தாவும் ஃபாட்மேப் மிகுந்தவை; வேர்க்கடலை, அளவான பாதாம் பரவாயில்லை. மிட்டாய்க் கடை சாக்லேட் பர்ஃபி பெயருக்குத்தான் சாக்லேட். உள்ளே கோவா அல்லது முந்திரி விழுது.

எதைத் தேர்ந்தாலும் நேரமும் முக்கியம். சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்ட கையோடு எடுத்தால், அதிலுள்ள ஃபாட்மேப்பும் கூடிவிடும். வெங்காயம், பூண்டு சேர்க்காத மயிலாப்பூர்ச் சமையலிலும் துவரம்பருப்பு உண்டு, அதிலும் ஃபாட்மேப் இருக்கிறது. சாக்லேட்டின் கொழுப்பும் காஃபினும் சிலருக்குத் தனியாகவே குடலைத் தூண்டும். அவர்களுக்கு 30 கிராமும் அதிகம். இந்த உணவுமுறையின் கண்டிப்பான கட்டம் 2 முதல் 6 வாரம்தான். அதன்பின் உணவியல் நிபுணரின் துணையோடு பால் சாக்லேட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தாங்கும் அளவைக் கண்டுகொள்ளலாம்.