ஓய்வறியாக் கணினி

பணி முடிந்ததும் அணைக்கப்படும் கணினிகள் பல. இரவும் பகலும் ஓயாது இயங்குவன சில. வீட்டாரின் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் சேமித்து வழங்கும் கணினி இத்தகையது. 1999இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ திட்டத்தில், உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள் தாம் வேலையின்றி இருந்த வேளையில் விண்வெளியிலிருந்து வந்த வானொலி அலைகளை ஆராய்ந்தன. ஓயாது இயங்கும் கணினி பல்லாண்டு நிலைக்கத் தூய்மை, குளிர்ச்சி, சீரான மின்சாரம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

வெப்பமும் தூசியும்

கணினி பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மையச் செயலகத்தின்மீது பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள் அவ்வெப்பத்தை ஏற்கின்றன. மின்விசிறி அதனை வெளியேற்றுகிறது. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்தால் காற்றோட்டம் தடைப்படும். வெப்பம் வரம்பை மீறினால் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால் கணினி தானாக அணைந்துவிடும். மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுவிதி.

தூய்மை செய்யும் முறை

கணினியைத் தூசி மிகுந்த தரையிலோ மூடிய அலமாரியிலோ வைத்தல் தவறு. தூய்மை செய்யுமுன் அதனை முறைப்படி அணைத்து, மின்னிணைப்பை நீக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் நுண்சில்லுகளைச் சிதைக்கக்கூடும். ஆதலால் தரையிணைப்புள்ள உலோகப் பொருளொன்றைத் தொட்ட பின்னரே உட்பகுதியில் கைவைத்தல் நன்று. காற்றூதியால் தூசியை அகற்றும்போது விசிறியின் இதழ்களை விரலால் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவை அளவுமீறிச் சுழன்று பழுதுறும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறத்தல் கூடாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம்.

மின்சாரம்

திடீர் மின்தடை, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தரவைச் சிதைக்கும். தடையில்லா மின்வழங்கி, கணினியை முறைப்படி அணைப்பதற்குரிய நேரத்தைத் தருகிறது. 50 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி ஆண்டு முழுதும் இயங்கினால் 438 அலகுகள் செலவாகும். 10 வாட்டில் இயங்கும் சிறு கணினிக்கு ஏறத்தாழ 88 அலகுகளே போதும். தேவைக்கேற்ற கணினியைத் தேர்ந்தால் செலவும் வெப்பமும் ஒருங்கே குறையும்.

படியெடுத்துக் காத்தல்

எவ்வளவு பேணினும் சேமிப்புக் கருவி ஒருநாள் பழுதுறும். தேய்ந்த விசிறியைக் கடையில் வாங்கி மாற்றலாம். மறைந்த பாட்டியின் குரற்பதிவை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே அரிய தரவுகளை மூன்று படிகளாக, இருவகைச் சேமிப்பு ஊடகங்களில் வைத்து, அவற்றுள் ஒன்றை வீட்டிற்கு வெளியே காத்தல் வேண்டும். படிகள் பிழையின்றித் திறக்கின்றனவா என்பதையும் அவ்வப்போது சோதித்தறிதல் வேண்டும். கணினியைப் பேணுவதன் பயன், அதனுள் உள்ளவற்றைக் காப்பதிலேயே நிறைவுறுகிறது.